புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும் குழந்தைக்கு, பூஞ்சைத் தொற்று உறுதியாகும் முன்பே மருந்து ஏன்?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் புரியும். லுகேமியா என்ற ரத்தப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துவரும் ஆறு வயதுக் குழந்தை. கவுண்ட், அதாவது ரத்த வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை, இறங்கிக் கிடக்கிறது. ஆண்டிபயாடிக் தொடங்கி ஐந்து நாளாகியும் காய்ச்சல் விடவில்லை. ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் பிளட் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. நெஞ்சு சிடியில் இரண்டு சிறு முடிச்சுகள் தெரிகின்றன, ‘பூஞ்சையாக இருக்கலாம்’ என்று ரிப்போர்ட். அன்றிரவே ஆம்போடெரிசின் என்ற பூஞ்சை மருந்தை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். உறுதியாகாமலேயே சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்யும் மருந்தை ஏன் கொடுக்கிறார்கள், வீட்டுச் சுவரில் இருக்கும் ஈரப்பூஞ்சைதான் காரணமா, கீமோ தள்ளிப்போனால் புற்றுநோய் திரும்பிவிடாதா என்று மூன்றாகக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: யாருக்குமே நிச்சயமாகத் தெரியாத நேரத்தில் எடுத்த முடிவை எதை வைத்து நம்புவது?

குழந்தையையும் படத்தையும் பார்க்காமல் இது பூஞ்சைதானா என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்லப்போவதில்லை. ஆனால் நீங்கள் விவரித்த சூழலில் மருந்தைத் தொடங்கியது அவசரமும் இல்லை, அலட்சியமும் இல்லை. உலகெங்கும் குழந்தைப் புற்றுநோய்ப் பிரிவுகளில் நடப்பதுதான். தொடங்கியதைப் பற்றிக் கவலைப்படுவதைவிட, அடுத்த இரண்டு வாரத்தில் எதைப் பார்த்துத் தொடர்வார்கள், எதைப் பார்த்து மாற்றுவார்கள், எப்போது நிறுத்துவார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது பயன் தரும். இந்த நோயில் தவறுகள் பெரும்பாலும் அந்த இடங்களில்தான் நடக்கின்றன.

முதலில், இது ஏன் இந்தக் குழந்தைகளுக்கு வருகிறது. அஸ்பெர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. அளவு 2 முதல் 3 மைக்ரோமீட்டர். நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை போய்ச் சேரும். நாம் எல்லோரும் தினமும் நூற்றுக்கணக்கில் சுவாசிக்கிறோம். வித்தாக இருக்கும்போதே அதை விழுங்கி அழிப்பவை நுரையீரலில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் அணுக்கள். தப்பி முளைத்து இழைவிட்டதை அழிப்பவை நியூட்ரோபில்கள் என்ற வெள்ளை அணுக்கள். ஸ்டீராய்டு முதல் காவலை மந்தப்படுத்துகிறது. கீமோ இரண்டாம் காவலைக் காலி செய்கிறது. ரத்தத்தில் நியூட்ரோபில் எண்ணிக்கை மைக்ரோலிட்டருக்கு 500-க்குக் கீழே போனால் ஆபத்து தொடங்குகிறது. 100-க்குக் கீழே போய், அதுவும் பத்து நாளுக்கு மேல் அப்படியே கிடந்தால் ஆபத்து பலமடங்காகிறது. எவ்வளவு இறங்கியது என்பதோடு எத்தனை நாள் இறங்கிக் கிடந்தது என்பதையும் மருத்துவர்கள் எண்ணுவது இதனால்தான்.

கேண்டிடா என்ற இன்னொரு பூஞ்சை வரும் வழி வேறு. அது ஏற்கெனவே குடலிலும் தோலிலும் இருப்பது. கீமோவால் குடலின் உள்தோல் புண்ணாகும்போது அங்கிருந்தும், மருந்து ஏற்ற நெஞ்சில் வைத்திருக்கும் போர்ட் அல்லது கையில் வைத்த பிக் லைன் என்ற குழாய் வழியாகவும் ரத்தத்துக்குள் நுழைகிறது. பல நாள் ஆண்டிபயாடிக் போடும்போது குடலில் அதற்குப் போட்டியான பாக்டீரியாக்கள் குறைந்துவிடுவதால் அது பெருகவும் செய்கிறது. மூன்றாவது, மியூகர் வகை. கருப்புப் பூஞ்சை என்று செய்திகளில் அடிபட்டது இதுதான். இதற்கு உயர்ந்த சர்க்கரை பிடிக்கும். லுகேமியாவின் முதல் நான்கு வார இண்டக்‌ஷனில் ஸ்டீராய்டும் அஸ்பராஜினேஸ் என்ற கீமோ மருந்தும் சேர்ந்து போகும்போது, இதுவரை சர்க்கரை நோயே இல்லாத குழந்தைக்கும் சர்க்கரை எகிறும். அந்த வாரங்களில் அடிக்கடி சர்க்கரை பார்ப்பதை வெறும் சடங்கு என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்லாப் புற்றுநோயிலும் ஆபத்து ஒன்றுபோல் இல்லை. மைலாய்டு வகை லுகேமியா, திரும்பி வந்த லுகேமியா, வேறொருவரின் ஸ்டெம் செல் பெற்ற குழந்தை, அதற்குப் பின் அந்த அணுக்கள் குழந்தையின் உடலோடு போடும் சண்டைக்காக நீண்டநாள் ஸ்டீராய்டு எடுக்கும் குழந்தை ஆகியோர் மேல் வரிசை. லிம்ஃபோபிளாஸ்டிக் லுகேமியாவில் அது சிகிச்சையின் கட்டத்தைப் பொறுத்தது. இண்டக்‌ஷனும், பிறகு வரும் தீவிரக் கட்டமும் ஆபத்தானவை, கடைசியில் வரும் நீண்ட, மிதமான மெயின்டனன்ஸ் கட்டம் பெரும்பாலும் அமைதி. மூளைக் கட்டி, சிறுநீரகக் கட்டி போன்றவற்றில் கவுண்ட் விழுந்தாலும் சில நாளில் ஏறிவிடும், அதனால் ஆபத்து குறைவு. வழிகாட்டுதல்கள் தோராயமாக நூற்றுக்குப் பத்துக்கு மேல் வாய்ப்பு இருந்தால் உயர் ஆபத்து என்று பிரிக்கின்றன. பக்கத்துப் படுக்கைக் குழந்தைக்கும் ஐந்து நாள் காய்ச்சல், அதற்கு மட்டும் பூஞ்சை மருந்து ஏன் போடவில்லை என்று சந்தேகம் வந்தால் அதற்குப் பதில் அநேகமாக இதில்தான் இருக்கும். குறைந்த ஆபத்துள்ள குழந்தைக்கு அதே காய்ச்சலில் பூஞ்சை மருந்தைத் தொடங்காமல் கவனித்துப் பார்ப்பதும் சரியான சிகிச்சையே.

காய்ச்சல் நான்கு நாள் தாண்டினால் பூஞ்சையைத் தேடும் கணக்கு எப்படி வந்தது? கவுண்ட் விழுந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் முதல் சில மணி நேரத்தில் உயிரைப் பறிக்கக்கூடியது பாக்டீரியா. ஆகவே ஆண்டிபயாடிக் உடனே. அதற்கும் அடங்காமல் 96 மணி நேரம் தாண்டினால் பூஞ்சையைத் தேட வேண்டும், உயர் ஆபத்துக் குழந்தையாக இருந்தால் தேடும்போதே மருந்தையும் தொடங்க வேண்டும் என்பது பல ஆண்டு அனுபவத்திலும் ஆய்விலும் நிலைபெற்ற எல்லை. அந்தக் கட்டத்தில் நெஞ்சுக்கு எக்ஸ்ரே போதாது. எக்ஸ்ரே சுத்தமாக இருக்கும்போதே சிடியில் முடிச்சுகள் தெரிவது சகஜம். வயிற்றுக்கு அல்ட்ராசவுண்ட் சேர்த்துக்கொள்வார்கள், கல்லீரலிலும் மண்ணீரலிலும் கேண்டிடா பதுங்கியிருக்கக்கூடும் என்பதால். மூக்கிலும் முகத்திலும் அறிகுறி எதுவும் இல்லாதபோது சைனஸ் சிடி வழக்கமாக எடுக்க வேண்டியதில்லை.

இனி, நிரூபணம் ஏன் கிடைப்பதில்லை என்பது. பூஞ்சை என்று ஐயமில்லாமல் சொல்ல, அந்த முடிச்சிலிருந்து சதைத் துணுக்கு எடுத்து, அதில் பூஞ்சை இழைகளைப் பார்க்க வேண்டும். ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் தரைமட்டத்தில் இருக்கும் ஆறு வயதுக் குழந்தையின் நுரையீரலில் ஊசி போடுவது, பல நேரம் நோயைவிட ஆபத்தானது. ரத்தத்தில் அஸ்பெர்ஜில்லஸ் அநேகமாக வளர்வதே இல்லை. நுரையீரல் முழுக்க இருந்தாலும் கல்ச்சர் சுத்தமாக வரும். கேண்டிடா வளரும், ஆனால் உள்ளுக்குள் பரவியிருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான் கல்ச்சரில் பிடிபடும். குழந்தையிடம் எடுக்கும் ரத்தத்தின் அளவு குறைவு என்பதால் பிடிபடும் வாய்ப்பு இன்னும் குறைகிறது. ஆகவே ‘கல்ச்சர் நெகட்டிவ்’ என்ற வரி பூஞ்சை இல்லை என்பதற்குச் சான்று ஆகாது.

ரிப்போர்ட்டிலும் பேச்சிலும் ‘உறுதியானது’, ‘பெரும்பாலும்’, ‘இருக்கலாம்’ என்று மூன்று படிகள் அடிபடும். 2020-இல் புதுப்பிக்கப்பட்ட இந்தப் பிரிவினை ஆராய்ச்சிக்காக வகுக்கப்பட்டது. ஓர் ஆய்வில் யாரைச் சேர்க்கலாம் என்று முடிவுசெய்ய உதவுவது. யாருக்கு மருந்து தொடங்கலாம் என்பதற்கான அளவுகோலாக அதை யாரும் வகுக்கவில்லை. சிடியில் முடிச்சு, ஆபத்தான சூழல், ஆனால் பூஞ்சைக்கு நேரடித் தடயம் இல்லை என்றால் அது ‘இருக்கலாம்’ படி. உங்கள் குழந்தை அங்கேதான் நிற்கிறது, சிகிச்சை பெறும் குழந்தைகளில் மிகப் பலரும் அங்கேதான் நிற்கிறார்கள்.

ரத்தப் பரிசோதனைகளில் கேலக்டோமன்னான் என்று ஒன்று உண்டு, அஸ்பெர்ஜில்லஸின் சுவரிலிருந்து உதிரும் சர்க்கரைப் பொருள். பல ஆய்வகங்கள் 0.5-ஐ எல்லையாக வைக்கின்றன. மேலே சொன்ன ஆராய்ச்சி வரையறை ரத்தத்தில் 1.0 கேட்கிறது. இரண்டுக்கும் இடையில் வரும் எண்ணை ஒற்றையாக வைத்து யாரும் முடிவெடுப்பதில்லை, மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். ஏற்கெனவே அஸ்பெர்ஜில்லஸைத் தாக்கும் தடுப்பு மருந்தில் இருக்கும் குழந்தையில் இந்தப் பரிசோதனை தொற்றைத் தவறவிடும். மியூகரில் இந்தப் பொருள் கிடையாது, ஆகவே நெகட்டிவ் வந்தால் மியூகர் இல்லை என்று ஆகாது. பீட்டா டி குளுக்கான் என்ற மற்றொன்றுக்குப் பெரியவர்களில் 80 பிகோகிராம் எல்லை. குழந்தைகளில் ஆரோக்கியமாக இருக்கும்போதே அளவு கூடுதலாக இருக்கக்கூடும், இம்யூனோகுளோபுலின் ஏற்றினாலும் ஆல்புமின் ஏற்றினாலும் கூடும். காய்ச்சல் நீடிக்கும் குழந்தைகளுக்கு இவ்விரண்டையும் ரத்தத்தில் வழக்கமாகச் செய்வதைக் குழந்தைகளுக்கான சர்வதேச வழிகாட்டுதல்கள் ஊக்குவிப்பதில்லை. உங்கள் மருத்துவமனையில் அதைச் செய்யவில்லை என்றால் ஏதோ குறை வைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுக் கழுவி எடுக்கும் திரவத்தில் இதே பரிசோதனை கூடுதல் பயன் தரும். குழந்தை அதைத் தாங்கும் நிலையில் இருந்தால், மருந்து தொடங்கி நாள்கள் ஓடிவிடும் முன் செய்வது நல்லது. இதைக் கேட்டுப் பாருங்கள். செய்ய முடியாது என்றால் ஏன் என்ற காரணமும் உங்களுக்குக் கிடைக்கும்.

சிடி படமும் சிறு குழந்தைகளில் ஏமாற்றும். பெரியவர்களில் முடிச்சைச் சுற்றி மங்கிய வளையம், பின்னர் பிறை வடிவக் காற்று என்று பாடப்புத்தக அடையாளங்கள் தெரியும். சிறு குழந்தைகளில் பெரும்பாலும் அடையாளமற்ற முடிச்சுகளோ பஞ்சு போன்ற திட்டுகளோ மட்டும்தான். ‘இருக்கலாம்’ என்று ரேடியாலஜிஸ்ட் எழுதியது நேர்மையான வார்த்தை.

இத்தனை மருந்துகள் இருக்க, ஆம்போடெரிசின் ஏன்? எது என்று தெரியாதபோது அகலமாக வலை வீசுவது அதுதான்: கேண்டிடா, அஸ்பெர்ஜில்லஸ், மியூகர் மூன்றையும் தாக்கும். வோரிகோனசோல் அஸ்பெர்ஜில்லஸுக்கு முதல் தர மருந்து, ஆனால் மியூகரிடம் வேலைக்காகாது. 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், அஸ்பெர்ஜில்லஸ் தொற்றில் 12 வாரம் கடந்தும் உயிரோடிருந்தோர் வோரிகோனசோல் குழுவில் 71 சதவீதம், ஆம்போடெரிசின் குழுவில் 58 சதவீதம். அது பழைய வகை ஆம்போடெரிசினோடு, பெரும்பாலும் பெரியவர்களிடம் நடந்த ஒப்பீடு என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். அஸ்பெர்ஜில்லஸ்தான் என்று தெரிந்தால் பல குழந்தைகளை வோரிகோனசோலுக்கு மாற்றுவார்கள். லுகேமியாக் குழந்தையில் அதற்குக் குறுக்கே நிற்பது வின்கிரிஸ்டின் என்ற கீமோ மருந்து.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் தவிர்க்கக்கூடிய பெரிய விபத்து இங்கேதான் நடக்கிறது. வின்கிரிஸ்டினைக் கல்லீரலில் உடைப்பது ஒரு நொதிக் குடும்பம். அசோல் வகைப் பூஞ்சை மருந்துகளான வோரிகோனசோல், போசகோனசோல், இட்ராகோனசோல் மூன்றும் அந்த நொதியை அடைத்துவிடுகின்றன. கொடுத்த வின்கிரிஸ்டின் அளவு சரியாகவே இருந்தாலும் உடலில் அது தங்கும் நேரம் நீண்டு, நரம்புகளைத் தாக்குகிறது. முதலில் மலச்சிக்கல், பிறகு வயிறு உப்பி, குடல் அசைவே நின்றுபோதல், தாடை வலி, இமை சரிதல், நடக்கும்போது பாத முன்பகுதி தொங்குதல், ரத்தத்தில் சோடியம் குறைந்து வலிப்பு வரை போகலாம். வயிற்றுவலி என்று குழந்தை சொல்வதை வழக்கமான மலச்சிக்கலாக நினைத்து விட்டுவிடும்போதுதான் நிலைமை முற்றுகிறது. ஃப்ளூகோனசோல் என்ற அசோலும் அந்த நொதியை அடைக்கும், ஆனால் குறைந்த அளவில். ஆம்போடெரிசினும், காஸ்போஃபஞ்சின் என்ற மற்றொரு பூஞ்சை மருந்தும் இந்த நொதியைத் தொடுவதில்லை. வின்கிரிஸ்டின் வாரந்தோறும் போகும் கட்டத்தில் இருக்கும் குழந்தைக்கு, சிறுநீரகத்தைத் தொந்தரவு செய்தாலும் ஆம்போடெரிசினையே பிடித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். அசோல் மருந்தை விட்டால் வழியில்லை என்ற நிலையில், வின்கிரிஸ்டின் நாளுக்கு முன்னும் பின்னும் அதை நிறுத்திவைக்கும் பழக்கம் பல இடங்களில் உண்டு. எத்தனை நாள் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை, அதற்கு வலுவான ஆய்வும் இல்லை.

ஆம்போடெரிசின் முக்கியமாக இரண்டு வடிவங்களில் வருகிறது, இரண்டையும் குழப்புவது உயிராபத்து. பழைய வகையின் அளவு நாளொன்றுக்குக் கிலோவுக்கு 1 மி.கி. அளவில், 1.5 மி.கி.யைத் தாண்டக் கூடாது. கொழுப்பு உறையிட்ட லிப்போசோமல் வகைக்கு 3 முதல் 5 மி.கி.; மியூகர் என்றால் 5-இல் தொடங்கி 10 வரை. லிப்போசோமலுக்கான அளவைப் பழைய வகையில் ஏற்றினால் இதயம் நின்றுபோகலாம். எந்த வகை என்று நீங்கள் கேட்பதில் தவறே இல்லை, செவிலியரும் கோபப்பட மாட்டார். லிப்போசோமலில் அளவைக் கூட்டினால் சீக்கிரம் குணமாகும் என்பதும் இல்லை. அஸ்பெர்ஜில்லஸுக்கு 3 மி.கி.யையும் 10 மி.கி.யையும் ஒப்பிட்ட 2007 ஆய்வில் பலன் கூடவில்லை, சிறுநீரகப் பாதிப்புதான் கூடியது.

ஏற்றும் முறையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. ஆம்போடெரிசினை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸில் மட்டுமே கலக்க வேண்டும். உப்பு நீர் பட்டால் மருந்து திரிந்து படிந்துவிடும். லைனில் முன்பு உப்பு நீர் போயிருந்தால் டெக்ஸ்ட்ரோஸால் கழுவிவிட்டுத்தான் இணைக்க வேண்டும். காஸ்போஃபஞ்சின் இதற்கு நேர் எதிர், டெக்ஸ்ட்ரோஸ் அதற்கு ஆகாது. ஒரே லைனில் மருந்து மாறும் நாளில் இந்தப் பிழை நடக்க வாய்ப்பு அதிகம். சிறுநீரகத்தைக் காக்க, இதயம் தாங்கும் என்றால், மருந்துக்கு முன் கிலோவுக்கு 10 முதல் 20 மில்லி உப்பு நீர் தனியாக ஏற்றுவார்கள். லிப்போசோமல் வகை தொடங்கிய முதல் சில நிமிடங்களில் நெஞ்சு இறுக்கமோ, மூச்சுத்திணறலோ, இடுப்பு விலா வலியோ வந்தால் உடனே சொல்லுங்கள். நிறுத்தி, ஒவ்வாமை மருந்து கொடுத்தால் பெரும்பாலும் அடங்கிவிடும், பிறகு மெதுவாகத் தொடரலாம். தினசரி ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினோடு பொட்டாசியத்தையும் மக்னீசியத்தையும் பாருங்கள். கிரியாட்டினின் ஏறுமுன்பே பொட்டாசியம் இறங்கத் தொடங்கிவிடும். மக்னீசியத்தைச் சரிசெய்யாமல் பொட்டாசியத்தை எவ்வளவு ஊற்றினாலும் நிற்காது. வான்கோமைசின், அமிக்காசின் போன்ற ஆண்டிபயாடிக்குகள் கூடவே ஓடிக்கொண்டிருந்தால் அவை இன்னும் தேவைதானா என்று தினமும் கேட்க வேண்டியது மருத்துவக் குழுவின் வேலை, நீங்களும் நினைவூட்டலாம். சிறுநீரகத்தின் இந்தப் பாதிப்பு, கவனித்துக்கொண்டே இருந்தால், பெரும்பாலும் மருந்து நின்றபின் திரும்பிவிடும்.

காஸ்போஃபஞ்சின் குழந்தைகள் நன்றாகத் தாங்கும் மருந்து. உடல் பரப்பளவைக் கணக்கிட்டு முதல் நாள் சதுர மீட்டருக்கு 70 மி.கி., பிறகு தினம் 50 மி.கி. கேண்டிடாவுக்கு மிக நல்லது. அஸ்பெர்ஜில்லஸை அடக்கும், ஆனால் தனியாக அதை நம்புவது குறைவு. மியூகரைத் தொடாது, மூளைக்கும் கண்ணுக்கும் சிறுநீருக்கும் போதிய அளவு போகாது. சிடியில் முடிச்சு இல்லாமல் காய்ச்சல் மட்டும் நீடித்தால் இதைத் தேர்ந்தெடுப்பார்கள். உங்கள் குழந்தைக்கு முடிச்சு தெரிந்ததால் ஆம்போடெரிசின் பக்கம் போயிருப்பார்கள்.

பின்னாளில் வோரிகோனசோலுக்கு மாறினால் தெரிந்துகொள்ள வேண்டியவை. குழந்தையின் கல்லீரல் இந்த மருந்தைப் பெரியவர்களைவிட வேகமாக உடைத்துவிடும். ஆகவே 2 முதல் 12 வயதுக்குள் டிரிப்ஸில் முதல் நாள் 12 மணிக்கொரு முறை கிலோவுக்கு 9 மி.கி., பிறகு 8 மி.கி.; வாய்வழி 9 மி.கி., ஒரு வேளைக்கு அதிகபட்சம் 350 மி.கி. பெரியவர் அளவைவிட இரட்டிப்பாகத் தெரிந்தாலும் அது பிழையல்ல. இத்தனை கொடுத்தும் ரத்தத்தில் எவ்வளவு நிற்கும் என்பது குழந்தைக்குக் குழந்தை, மரபணுவுக்கு மரபணு மாறும். ஐந்து நாளுக்குள் அடுத்த வேளைக்குச் சற்று முன் ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். லிட்டருக்கு 1 முதல் 5.5 மி.கி.க்குள் இருக்க வேண்டும். 1-க்குக் கீழே என்றால் மருந்து இருந்தும் இல்லாத கதை. மேலே போனால் பிரமை, கல்லீரல் நொதி ஏற்றம். வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு ஒரு மணி முன்போ பின்போ கொடுக்க வேண்டும். பார்வை மங்குகிறது, நிறம் மாறித் தெரிகிறது என்று குழந்தை சொன்னால் பெரும்பாலும் மருந்தின் விளைவுதான், தானாகப் போய்விடும். வெயில் பட்டால் தோல் எரியும். மாதக்கணக்கில் எடுக்கும் குழந்தையை வெயிலிலிருந்து மறைத்தே வைக்க வேண்டும்.

சிகிச்சை தொடங்கியபின் பெற்றோரை அதிகம் கலங்கடிப்பது அடுத்த சிடி. சரியான மருந்து சரியாக வேலை செய்யும்போதும் முதல் ஏழு முதல் பத்து நாளில் முடிச்சு பெரிதாகலாம். கவுண்ட் ஏறும் வேளையில் நியூட்ரோபில்கள் அங்கே போய்க் குவிவதால் வீக்கம் கூடும், காய்ச்சலும் திரும்பலாம், நடுவில் குழி விழலாம். ஆகவே குழந்தை மோசமாகாதவரை இரண்டு வாரத்துக்கு முன் மறுபடி சிடி எடுத்துப் பயந்து மருந்தை மாற்றுவதில் அர்த்தமில்லை. ஆனால் கவுண்ட் ஏறும் அந்த நாள்களில் இருமலோடு ரத்தம் வந்தால், அது கொஞ்சமாக இருந்தாலும், காலை வரை காத்திருக்கக் கூடாது. ரத்தக்குழாய்க்கு ஒட்டி இருக்கும் முடிச்சு அரித்துவிட்டால் நிமிடங்களில் பெரும் கசிவாகும்.

மருந்து தவறு என்று சந்தேகிக்க வேண்டிய தருணங்களும் உண்டு. கன்னமோ கண்ணைச் சுற்றியோ வீக்கம், ஒருபக்க மூக்கடைப்பு, மூக்கிலோ அண்ணத்திலோ கருத்த திட்டு என்றால் மியூகர் என்றே எண்ணிப் பார்க்க வேண்டும். தினமும் ஒருமுறை டார்ச் வைத்து அண்ணத்தைப் பாருங்கள். பிளாஸ்டர் ஒட்டிய இடங்களையும் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதன் கீழே சிவந்து நடுவில் கருக்கும் புண் மியூகர் தோலில் தொடங்கும் விதம். அது மியூகர் என்றால் மருந்து மட்டும் போதாது, கெட்ட சதையை அறுவை செய்து எடுக்க வேண்டும், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும், ஸ்டீராய்டைக் குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும். சில மணி நேரத்துக்குள் முடிவெடுக்க வேண்டிய நோய் அது.

ஒருவேளை கல்ச்சரில் கேண்டிடா வளர்ந்தால் பாதையே மாறும். லைனை எடுத்துவிட வேண்டும், முடிந்தவரை சீக்கிரம். போர்ட் வைக்க மறுபடி மயக்கம் கொடுக்க வேண்டுமே என்று தயங்குவது புரிகிறது. ஆனால் அந்த பிளாஸ்டிக்கில் ஒட்டிய படலத்தை எந்த மருந்தும் முழுதாகக் கரைக்காது. கல்ச்சர் சுத்தமாகும்வரை தினமும் எடுத்து, முதல் சுத்தமான கல்ச்சரிலிருந்து 14 நாள் சிகிச்சை. கண்ணுக்குள் பரவியதா என்று விழித்திரையைப் பார்க்க வேண்டும். கவுண்ட் இல்லாதபோது அங்கே எதுவும் தெரியாது என்பதால் கவுண்ட் ஏறிய பின்பு மறுபடியும் பார்க்க வேண்டும், இந்த இரண்டாவது பரிசோதனை அடிக்கடி மறக்கப்படுகிறது. கல்லீரலும் மண்ணீரலும் அப்படித்தான்: கவுண்ட் ஏறி எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கும்போது காய்ச்சலும் வலது விலாவுக்குக் கீழ் வலியுமாக வெளிப்படும்.

சுவர்ப் பூஞ்சைக்கு வருகிறேன். அதுதான் காரணம் என்றோ, இல்லவே இல்லை என்றோ யாராலும் சொல்ல முடியாது. வித்து எந்த நாளில் உள்ளே போனது என்று கண்டுபிடிக்க வழியில்லை. காற்று உள்ள எந்த இடத்திலும் அது நடந்திருக்கலாம். உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டாம். ஆனாலும் சுவரைச் சரிசெய்யத்தான் வேண்டும், குழந்தை வீட்டில் இல்லாத நாள்களில். காய்ந்த சுவரைச் சுரண்டினால் வித்துகள் கோடிக்கணக்கில் பறக்கும். நனைத்துத் துடைத்து, கசிவின் மூலத்தை அடைத்து, அறை காய்ந்தபின் குழந்தையைக் கூட்டி வாருங்கள். இடிப்பு, கட்டுமானத் தூசு, மண் கிளறுதல், தொட்டிச் செடி, காய்ந்த இலைக் குவியல் ஆகியவற்றிலிருந்து கவுண்ட் இறங்கிய நாள்களில் தள்ளி இருக்க வேண்டும். மருத்துவமனையிலேயே கட்டட வேலை நடந்தால் குழந்தை அறையை விட்டு வெளியே போகும்போது இறுக்கமான முகக்கவசம் வேண்டும். ஸ்டெம் செல் மாற்று அறைகளில் 0.3 மைக்ரோமீட்டர் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியும், மணிக்கு 12 முறை காற்று மாற்றமும் இருக்கும். அதை வீட்டில் உருவாக்க முயன்று பணத்தைச் செலவழிக்கத் தேவையில்லை. கை கழுவுவது கேண்டிடாவைத் தடுக்கும், அஸ்பெர்ஜில்லஸைத் தடுக்காது. அஸ்பெர்ஜில்லஸ் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதும் இல்லை, ஆகவே மற்ற குழந்தையைப் பிரித்துவைக்க வேண்டாம்.

கீமோ பற்றி. நின்றுபோகும் என்பதைவிடத் தள்ளிப்போகும் என்பதே சரி. முதல் இரண்டு மூன்று வாரம் தொற்று கட்டுக்குள் வருகிறதா என்று பார்ப்பார்கள். அந்த இடைவெளியில் லுகேமியா ஏற்கெனவே ரெமிஷனில், அதாவது பரிசோதனையில் தென்படாத நிலையில், இருந்தால் கொஞ்சம் மூச்சுவிட நேரம் உண்டு. இல்லையென்றால் இரண்டு ஆபத்துகளையும் தராசில் வைத்துத்தான் நகர வேண்டும், இங்கே எல்லாருக்கும் பொருந்தும் விதி கிடையாது. முடிச்சு முழுவதும் மறையும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பது மட்டும் தெளிவு. சுருங்கத் தொடங்கி, காய்ச்சல் விட்டு, கவுண்ட் ஏறியிருந்தால் பூஞ்சை மருந்தின் காவலிலேயே கீமோவைத் தொடர்வார்கள். அஸ்பெர்ஜில்லஸுக்குக் குறைந்தது 6 முதல் 12 வாரம் சிகிச்சை என்பார்கள். கீமோ தொடரும் குழந்தைக்கு நடைமுறையில் அது இன்னும் நீளும், ஒவ்வொரு முறை கவுண்ட் விழும்போதும் பழைய பூஞ்சை தலைதூக்கலாம் என்பதால்.

சந்தேகமான விஷயங்களையும் சொல்லிவிட வேண்டும். இரண்டு பூஞ்சை மருந்தைச் சேர்த்துக் கொடுத்தால் நல்லதா என்பதற்குக் குழந்தைகளில் தெளிவான சான்று இல்லை. கவுண்ட் ஏற்றும் ஜி-சிஎஸ்எஃப் ஊசியைப் பலர் போடுகிறார்கள். கவுண்ட் சீக்கிரம் ஏறுவது உண்மை, அதனால் பூஞ்சையிலிருந்து பிழைப்போர் கூடுகிறார்களா என்பது தெளிவாகவில்லை. தானம் பெற்ற வெள்ளை அணு ஏற்றுவது பற்றி 2015-இல் வெளியான ஆய்வு, போதிய நோயாளிகள் சேராததால் விடை தராமலே முடிந்தது. தடுப்பு மருந்தில் நிலைமை தெளிவு: மைலாய்டு லுகேமியாவில் 517 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான ஆய்வில், ஐந்து மாதத்தில் பூஞ்சைத் தொற்று ஃப்ளூகோனசோல் குழுவில் 7.2 சதவீதம், காஸ்போஃபஞ்சின் குழுவில் 3.1 சதவீதம். வாரத்தில் இரண்டு மூன்று நாள் கொடுக்கும் கோட்ரைமாக்சசோல் மருந்தும் ஒரு பூஞ்சைக்காகத்தான், நியூமோசிஸ்டிஸ் என்ற நுரையீரல் பூஞ்சை. இந்தக் குழப்பத்தில் அதை யாராவது நிறுத்தியிருந்தால், எப்போது மறுபடி தொடங்குவார்கள் என்று கேட்டுவையுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது வாய்வழி அசோல் மருந்தோடு அனுப்பினால், அடுத்த வின்கிரிஸ்டின் தேதியை மருந்துச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், அந்த நாள்களில் அசோலை என்ன செய்வது என்பதோடு சேர்த்து. மருந்து கொடுத்தவுடன் வாந்தி எடுத்தால் என்ன செய்வது, எத்தனை வேளை தவறினால் கூப்பிட வேண்டும் என்றும் கேளுங்கள். வேறொரு மருத்துவர் வலிப்புக்கோ காசநோய்க்கோ மருந்து எழுதினால் இந்த மருந்தின் பெயரைச் சொல்லாமல் வாங்கக் கூடாது. ஃபெனிடோயினும் ரிஃபாம்பிசினும் வோரிகோனசோலை ரத்தத்திலிருந்து அநேகமாகத் துடைத்துவிடும். ஸ்டீராய்டில் இருக்கும் நாள்களில் தெர்மாமீட்டரை மட்டும் நம்பாதீர்கள். ஸ்டீராய்டு காய்ச்சலை அமுக்கிவிடும்; குழந்தை திடீரென்று சோர்ந்து படுத்தாலோ, வேகமாக மூச்சு வாங்கினாலோ, ஒருபக்கத் தலைவலி என்று அழுதாலோ 37 டிகிரியில் இருந்தாலும் கூட்டிக்கொண்டு போங்கள்.